இழை: ஜூன் 28 அன்று சூசன் காலின்ஸ் போட்டது என்ன வோட்டு?

போர்ட்லண்ட்_பரமு

பக்கத்து இழையில் ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார்: "டிரம்பின் வரி மசோதாவை எதிர்த்து நின்ற மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் மெய்ன் மாநிலத்து சூசன் காலின்ஸும் ஒருவர். துணிச்சல்காரி." குடித்த காபி புரையேறிவிட்டது.

2025 ஜூலை 1 அன்று அவர் எதிர்த்து வாக்களித்தார். மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்னால், ஜூன் 28 சனிக்கிழமை ராத்திரி, அதே மசோதாவை அவையில் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. முடிவு 51-49. அந்த 51 பேரில் இந்த அம்மாவும் உண்டு. குடியரசுக் கட்சியில் வேண்டாம் என்றவர்கள் இரண்டே பேர், டில்லிஸும் ராண்ட் பாலும்.

கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, அப்புறம் வாசலில் நின்று "ஐயோ திருடன்" என்று கத்துவதற்குப் பெயர் துணிச்சலா?

கணக்கு_ஏகாம்பரம்

பரமு சார், 51-49 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தீர்களா? அவர் ஒருவர் மாறியிருந்தால் 50-50. சமமாக வந்தால் துணை அதிபர் வோட்டு. வான்ஸ் அன்றைக்கு ராத்திரி அங்கேயே தயாராக இருந்தார். ஆக அவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் கதவு திறந்துதான் இருந்திருக்கும்.

50-50. இதை மட்டும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

போர்ட்லண்ட்_பரமு

அட, அப்படியா? சரி, ஜூலை 1 கணக்கையும் நீங்களே போடுங்கள். அன்றைக்கும் 50-50. வான்ஸ் வந்து 51-50 ஆக்கினார். காலின்ஸ் ஆதரித்திருந்தாலும் நிறைவேறியிருக்கும், எதிர்த்தும் நிறைவேறியது. ஜூன் 28 வோட்டுக்கு மதிப்பில்லை என்றால் ஜூலை 1 வோட்டுக்கும் மதிப்பில்லை. அப்புறம் எந்த வோட்டை வைத்து ஐயா துணிச்சல் பட்டம் கொடுக்கிறீர்கள்?

கணக்கு_ஏகாம்பரம்

நான் ஜூன் 28 பற்றிப் பேசுகிறேன். இழையின் தலைப்பே அதுதான். நீங்கள்தான் வைத்தீர்கள்.

சும்மா_வந்தேன்

பாப்கார்ன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காலின்ஸ் அம்மா "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று அறிக்கை விட்டால் வோட்டு கட்சிக்குத்தான் என்று வாஷிங்டனில் குழந்தைக்கும் தெரியுமே. இதற்கு ஏன் இத்தனை சண்டை?

தேவகி_என்ஜே

ஏகாம்பரம் சார், ஜூன் 28 பற்றியே பேசுவோம். அன்றைக்கு அவர் சொன்ன காரணம் ஞாபகம் இருக்கிறதா? எந்த மசோதாவை அவைக்குக் கொண்டுவருவது என்பது பெரும்பான்மைத் தலைவரின் உரிமை, அதற்குப் பொதுவாக மதிப்புக் கொடுப்பேன், இதை வைத்து என் இறுதி வாக்கை முடிவுகட்ட வேண்டாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2017 ஜூலை 25இல் என்ன செய்தார்? ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிக்கும் மசோதாவை எடுக்கலாமா என்று இதே மாதிரி வாக்கெடுப்பு. காலின்ஸும், அதே கட்சியின் அலாஸ்கா செனட்டர் மர்கௌஸ்கியும் வேண்டாம் என்றார்கள். 50-50 ஆகி, அன்றைய துணை அதிபர் பென்ஸ் வந்து போட்டுத்தான் தாண்டியது. மெக்கானல் பெரும்பான்மைத் தலைவராக இருந்தபோது கொடுக்காத மதிப்பு, 2025இல் தலைவரான தூனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? பொதுவாகவாம் பொதுவாக.

போர்ட்லண்ட்_பரமு

தேவகி மேடம், இதை நான் மத்தியானத்துக்கு வைத்திருந்தேன். முந்திக்கொண்டீர்கள்.

கணக்கு_ஏகாம்பரம்

2017ஐ எடுத்ததற்கு நன்றி. வலையில் நீங்களாகவே விழுகிறீர்கள்.

ஜூலை 25 அன்று அதே கட்சி செனட்டர் மெக்கெய்ன் என்ன வோட்டு போட்டார்? மூளைப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, அறுவைச் சிகிச்சைத் தழும்போடு விமானம் ஏறி வந்து, எடுக்கலாம் என்று போட்டார். மூன்றே நாளில், 28ஆம் தேதி விடிகாலை, கட்டைவிரலைக் கீழே காட்டி எதிர்த்தார். முதலில் ஆம், கடைசியில் இல்லை. காலின்ஸ் 2025இல் செய்ததும் அதேதான்: முதலில் ஆம், கடைசியில் இல்லை. மெக்கெய்னுக்கு மாலை போட்டவர்கள் காலின்ஸுக்குச் சாணி அடிக்கிறீர்கள். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடியும் சொல்கிறேன்: 50-50. வான்ஸ்.

தேவகி_என்ஜே

"ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை" என்றால் என்ன அர்த்தம்? பெண் என்பதால் திட்டுகிறோம் என்கிறீர்களா? என்னைப் பார்த்தா? போன வருஷம் உச்ச நீதிமன்ற நீதிபதி காவனா பற்றிய இழையில் இதே மாதிரி ஒரு குத்து குத்திவிட்டுப் பத்து நாள் காணாமல் போனீர்கள். அதை நான் மறக்கவில்லை.

போர்ட்லண்ட்_பரமு

மெக்கெய்னோடு ஒப்பிட ஒரு வித்தியாசம் போதும். அவர் கடைசியில் போட்ட வோட்டில் மசோதா செத்தது, 49-51. இவர் கடைசியில் போட்ட வோட்டில் மசோதா ஜோராக நடந்துபோய் ஜூலை 4 அன்று கையெழுத்தும் வாங்கியது.

கணக்கு_ஏகாம்பரம்

அந்த 49-51இல் காலின்ஸும் மர்கௌஸ்கியும் எதிர்ப்பக்கம் நிற்காவிட்டால் மெக்கெய்னின் விரல் மேலே போனால் என்ன, கீழே போனால் என்ன? பேர் மட்டும் அவருக்கு. அந்த மசோதாவை முதல் வோட்டிலிருந்து கடைசி வோட்டு வரை எதிர்த்தவர் காலின்ஸ். அந்த ஞாபகத்தை 2025இல் ஏன் துடைத்துவிட்டீர்கள்?

பனிக்காடு

நான் பேங்கரில் இருக்கிறேன். காலின்ஸ் வீடும் இந்த ஊர்தான். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு மெய்னில் பெயர் மெய்ன்கேர். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் அதை நம்பி இருக்கிறார்கள், அதாவது மூன்று பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்க்கும் இடம் ஒரு சின்ன மருத்துவமனை. பெயர் வேண்டாம். பிரசவ வார்டு மூடிப் பல மாதம் ஆகிறது.

28ஆம் தேதி 28ஆம் தேதி என்று மாறி மாறி எழுதுகிறீர்கள். நடுவில் அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தது யாருக்காவது தெரியுமா? கிராமப்புற மருத்துவமனைகளுக்கான நிதியை 2,500 கோடி டாலரிலிருந்து 5,000 கோடியாக ஏற்ற வேண்டும், அதற்கான பணத்தைப் பெரும் பணக்காரர்களின் வருமான வரியைக் கூட்டி எடுக்க வேண்டும் என்று. 22-78இல் தோற்றது. கவனியுங்கள், அதை வீழ்த்தியது ஒரு கட்சி மட்டும் இல்லை, இரண்டு கட்சியும். கடைசியில் வரியைக் கூட்டாமலேயே நிதியை மட்டும் 5,000 கோடி ஆக்கினார்கள். அப்படியும் அவர் எதிர்த்துத்தான் வாக்களித்தார். மாநிலங்கள் மருத்துவமனைகளிடம் வாங்கி மெடிக்கெய்டுக்குப் போடும் வரியின் உச்சவரம்பை, மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களில் 6 சதவீதத்திலிருந்து 3.5க்கு இறக்குகிறார்கள். அந்த வரி குறைந்தால் மெடிக்கெய்டுக்கு வரும் பணமும் குறையும், எங்களை உண்மையாகவே அடிக்கப்போவது அது. அதைப் பற்றிப் பேசலாமா?

போர்ட்லண்ட்_பரமு

பனிக்காடு, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே வரம்பு இறக்கம் இருந்த மசோதாவைத்தானே அவர் ஜூன் 28 அன்று உள்ளே விட்டார்? நான் சொல்வதற்குத்தான் வலு சேர்க்கிறீர்கள்.

கணக்கு_ஏகாம்பரம்

உள்ளே விடாவிட்டால் திருத்தம் எங்கே கொண்டுவருவது? தெருவிலா? விவாதத்துக்கு எடுத்தால்தான் திருத்தமே. பனிக்காடு சொல்வது என் கட்சிக்குத்தான் வலு.

அப்புறம் பரமு சார், ஒரு சின்னச் சந்தேகம். பெயரில் போர்ட்லண்ட் என்று போட்டுக்கொண்டு மெய்ன்காரர் மாதிரியே பேசுகிறீர்களே, நீங்கள் இருப்பது ஆரிகன் போர்ட்லண்ட்தானே? 2020 காட்டுத்தீ சமயத்தில் "வானம் ஆரஞ்சாக இருக்கிறது" என்று இங்கே படம் போட்டது யார்?

போர்ட்லண்ட்_பரமு

நான் எங்கேயாவது மெய்ன் போர்ட்லண்ட் என்று சொன்னேனா? நான் எந்தக் கடலோரத்தில் இருந்தால் உமக்கென்ன? போதாததற்கு ஆரிகன் போர்ட்லண்டுக்குப் பெயர் வந்ததே மெய்ன் போர்ட்லண்டிலிருந்துதான். நாணயம் சுண்டிப் போட்டு முடிவு செய்தார்கள். தோற்றிருந்தால் பாஸ்டன் ஆகியிருக்கும். சரித்திரம் படியுங்கள்.

சும்மா_வந்தேன்

நல்லவேளை. பாஸ்டன்_பரமு என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

கணக்கு_ஏகாம்பரம்

சரித்திரமா? படிப்போமே. 2020 அக்டோபர். "காலின்ஸ் தோற்பார், சாரா கிடியன் ஜெயிப்பார், இல்லாவிட்டால் மீசையை எடுக்கிறேன்" என்று இங்கே எழுதியது யார்? கருத்துக்கணிப்பு எல்லாம் கிடியன் பக்கம் என்று தினம் ஒரு படம் ஒட்டினீர்கள். அதே மெய்னில் பைடன் ஒன்பது புள்ளியில் ஜெயித்தார், காலின்ஸ் 51 சதவீதம் வாங்கி ஐந்தாவது முறையும் போனார். மீசை இன்னும் முகத்தில்தான் இருக்கிறது, சுயவிவரப் படத்தில் பார்த்தேன். வோட்டுக் கணக்கு உமக்கு அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. 50-50.

போர்ட்லண்ட்_பரமு

அது பழைய படம்.

தேவகி_என்ஜே

மீசையை விடுங்கள். பேச்சு ஒன்று வோட்டு ஒன்று என்பதற்கு ஜூன் 28 மட்டும்தானா கிடைத்தது? 2020 பிப்ரவரியில் டிரம்ப் மீதான முதல் பதவிநீக்க விசாரணையில் அவரை விடுவிக்க வாக்களிப்பேன் என்று அறிவித்தபோது, அவர் பெரிய பாடம் கற்றுக்கொண்டிருப்பார் என்றார். மறுநாளே, கற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று பின்வாங்கினார். 2018இல் காவனாவுக்கு 50-48இல் ஒரு வோட்டு. கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை அவர் தொடமாட்டார் என்று அவையில் முக்கால் மணி நேரம் விளக்கம். 2022 ஜூனில் அந்தத் தீர்ப்பு போனதும், என்னிடம் சொன்னது வேறு, செய்தது வேறு என்று அறிக்கை. இன்னும் பின்னால் போனால், 1996இல் முதல்முறை நின்றபோது இரண்டு தவணைதான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர். இப்போது ஐந்தாவது.

கணக்கு_ஏகாம்பரம்

அதே வேகத்தில் இதையும் எழுதுங்கள்: 2020இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக பாரெட்டை நியமிக்க எதிர்ப்பு, அவர் கட்சியில் அவர் ஒருவர் மட்டும். 2021இல் இரண்டாவது விசாரணையில் டிரம்ப் குற்றவாளி என்று வோட்டு. 2025இல் பாதுகாப்பு அமைச்சராக ஹெக்செத்தை நியமிக்க எதிர்ப்பு. 1997இலிருந்து ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிப் போடும் பழக்கம் உங்கள் இருவருக்கும் பொது.

ஆனால் இதெல்லாம் வேறு விஷயம். ஜூன் 28க்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவர் மாறியிருந்தால் 50-50. ஆமா, இல்லையா?

போர்ட்லண்ட்_பரமு

பாரெட்டுக்கு எதிர்ப்பு 52-48. ஹெக்செத் 50-50, அதற்கும் வான்ஸ். கவனித்தீர்களா? அவர் எதிர்க்கும் இடத்தில் எல்லாம் மற்றவர்களே கணக்கை முடித்துவிடுகிறார்கள். தலைமை எண்ணிப் பார்த்து அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது, அம்மா அதை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து "எதிர்த்தேன்" என்கிறார். 2026இல் அந்த இடத்துக்குத் தேர்தல் என்பதும் தற்செயலாக்கும்.

கணக்கு_ஏகாம்பரம்

அனுமதிச் சீட்டை நீங்கள் பார்த்தீர்களா? யாராவது பார்த்தார்களா? டில்லிஸ் எதிர்த்ததும் டிரம்ப் எப்படித் தாக்கினார் என்று தெரியும், மறுநாளே மனிதர் இனி போட்டியிடவில்லை என்று அறிவித்தார். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஜூலை 1 அன்று எதிர்த்தவர் காலின்ஸ்.

தேவகி_என்ஜே

அந்த டில்லிஸ் ஜூன் 28 அன்றே எதிர்த்தார். உங்கள் காலின்ஸ்?

கணக்கு_ஏகாம்பரம்

50-50.

தனித்தமிழ்_தாமரை

எல்லாரும் மன்னிக்க. "செனட்டர்", "வோட்டு", "பாப்கார்ன்" என்று எழுதுகிறீர்கள். மேலவை உறுப்பினர், வாக்கு என்று எழுதினால் விரல் சுளுக்கிவிடுமா?

சும்மா_வந்தேன்

பாப்கார்னுக்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லையே.

தனித்தமிழ்_தாமரை

சோளப்பொரி. சின்ன வயதில் சாப்பிட்டதில்லையா?

பனிக்காடு

நான் கேட்டது அந்த 6 சதவீதம், 3.5 சதவீதம் பற்றி. 2028இலிருந்து வருஷத்துக்கு அரை சதவீதமாக இறங்கும். மேலே போய் இன்னொரு தடவை படியுங்கள், முடிந்தால்.

கணக்கு_ஏகாம்பரம்

பனிக்காடு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பரமு சார் முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். காலின்ஸ் ஜூன் 28 அன்று மாறியிருந்தாலும் வான்ஸ் இருந்தார்.

போர்ட்லண்ட்_பரமு

நீங்கள் முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள். மர்கௌஸ்கியும் அன்றைக்கு 51இல்தான் இருந்தார். 2017இல் சேர்ந்து நின்ற அதே இரண்டு பேர் 2025இலும் சேர்ந்து வேண்டாம் என்றிருந்தால் 49-51. வான்ஸ் வெளியே நின்று வேடிக்கைதான் பார்த்திருக்க வேண்டும். கணக்கு ஏகாம்பரமாம், இரண்டாவது ஆளைக் கழிக்கத் தெரியவில்லை.

கணக்கு_ஏகாம்பரம்

மர்கௌஸ்கிக்குத் தனி இழை திறங்கள். இது காலின்ஸ் இழை. காலின்ஸ் ஒருவர். ஒருவர் மாறினால் 50-50.

மட்டுறுத்துநர்

மீசை, போர்ட்லண்ட் பற்றிய பின்னூட்டங்களை இனி நீக்குவோம். தலைப்பை ஒட்டிப் பேசவும்.

போர்ட்லண்ட்_பரமு

மீசையை ஆரம்பித்தது அவர். எச்சரிக்கை மட்டும் இருவருக்கும் பொதுவா?

கணக்கு_ஏகாம்பரம்

சாட்சிக்கு 2020 அக்டோபர் பதிவின் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் மட்டுறுத்துநருக்குத் தனிமடலில் அனுப்புகிறேன்.