7 அங்குல டச் பேனலில் வீடியோ ஓடினால் பட்டன் வேலை செய்ய மாட்டேன் என்கிறது – உதவி தேவை

பல்லடத்தான்:
வணக்கமுங்க. திருப்பூர் நிட்டிங் மிஷின்களுக்கு பேனல் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறையில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடுகிற புரோகிராம்) எழுதுகிறேன். 800×480 டிஸ்ப்ளே, எஸ்டிஎம்32 எச்743 மைக்ரோகண்ட்ரோலர் சிப், வெளியே 8 எம்பி எஸ்டிரேம் (மெமரி), ஃப்ரீஆர்டாஸ் (வேலைகளை டாஸ்க்குகளாகப் பிரித்து ஓட்டுகிற சின்ன ஓஎஸ்), எல்விஜிஎல் (திரையில் பட்டன், படம் வரைகிற லைப்ரரி).

மிஷின் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். நூல் அறுந்தால் திரையில் எந்த மொழியில் எழுதிக் காட்டுவது? நூல் கோனிலிருந்து, ஊசிக்கு நூல் கொடுக்கிற பீடர் வரை எப்படிக் கோக்க வேண்டும் என்று 20 வினாடி வீடியோ போட்டுவிடு என்று முதலாளி சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொல்வது சுலபம்.

இந்தச் சிப்பில் எச்.264 வீடியோவைப் பிரிக்கிற டிகோடர் கிடையாது என்பதால் எம்பி4-ஐ எம்ஜேபெக் ஏவிஐ (ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு தனி ஜேபெக் படம்) ஆக மாற்றி எஸ்டி கார்டில் வைத்தேன். 640×360, வினாடிக்கு 15 ஃபிரேம், கோப்பு 12 எம்பி. எல்விஜிஎல்லோடு வரும் டைனி ஜேபெக் டிகோடர் ஒரு ஃபிரேமுக்கு 210 மில்லிசெகண்ட் எடுக்கிறது. படம் நொண்டுகிறது. அதைவிட, ஓடி முடிகிற வரை ‘மூடு’ பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் அசைவே இல்லை. (மிஷினை நிறுத்துகிற பட்டன் தனி வயரிங், அதற்குப் பயப்பட வேண்டாம்.)

பெருந்துறை வாசி:
இத்தனை பாடு எதுக்குங்க? ஒரு ராஸ்பெரி பை (லினக்ஸ் ஓடுகிற குட்டிக் கம்ப்யூட்டர்) வைத்துவிட்டால் எம்பி4 அப்படியே ஓடுமே.

பல்லடத்தான்:
ஓடும்ங்க. ஆனால் 40 பேனல் ஏற்கெனவே ஷெட்டுக்குப் போய்விட்டது, போர்டை மாற்ற வழியில்லை. கரண்ட் போய் வந்தால் லினக்ஸ் பூட் ஆகிற வரை ஆள் நின்று பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார். திடீர்னு கரண்ட் போகிற இடத்தில் அதன் கார்டு கெட்டுப்போவதையும் பார்த்திருக்கிறேன்.

பழைய சால்டரிங்:
தம்பி, ஜேபெக் டிகோடர் ஹார்டுவேராகவே எச்743-க்குள் இருக்கிறது. அதை விட்டுவிட்டு சிபியுவை மாடாக அடிக்கிறாய். வினாடிக்கு 15 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 66 மில்லிசெகண்ட்தான் உனக்கு. 210-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

டிகோடருக்கு எம்டிஎம்ஏ (சிபியு இல்லாமலே டேட்டாவை நகர்த்துகிற பகுதி) வழியாக ஊட்டு. அது வெளியே தருவது ஒய்சிபிசிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து வைக்கிற வடிவம்), அதுவும் கட்டம் கட்டமாக. அதை ஆர்ஜிபி565 (பிக்சலுக்கு 16 பிட் நிறம்) ஆக்குகிற வேலையை, சிப்பிலேயே இருக்கிற படம் நகர்த்தும் பகுதியான டிஎம்ஏ2டி-யிடம் கொடு, எச்7-ல் அதற்கு அந்த வசதி உண்டு. ஜேபெக் சாதாரண பேஸ்லைன் வகையாக இருக்க வேண்டும், படத்தைப் பல சுற்றில் தெளிவாக்குகிற புரோகிரசிவ் வகை இந்த ஹார்டுவேரில் ஓடாது.

பட்டன் விஷயம்: டிகோடை எல்விஜிஎல் டைமருக்குள்ளேயே செய்கிறாய், சரிதானே? அது முடிகிற வரை தொடுதலைப் படிக்க ஆளில்லை. டிகோடுக்குத் தனி டாஸ்க் வை, முன்னுரிமையைக் குறைத்து வை, இரண்டு பஃபரை (ஃபிரேம் வைக்கிற மெமரி இடம்) மாற்றி மாற்றிக் கொடு. அந்த டாஸ்க்கிலிருந்து எல்விஜிஎல் ஃபங்ஷன் எதையும் நேராகக் கூப்பிடாதே, அது த்ரெட்-சேஃப் இல்லை, இரண்டு டாஸ்க் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் குழம்பிவிடும்.

அப்புறம், டிஎம்ஏ2டி எழுதியதை எல்விஜிஎல் சிபியு வழியாகத்தான் வாசிக்கும். வாசிக்கும் முன் அந்தப் பஃபரின் டி-கேஷை (சிபியு கையோடு வைத்திருக்கிற பழைய நகல்) இன்வேலிடேட் செய், அதாவது செல்லாததாக்கு. பஃபரின் தொடக்கமும் நீளமும் 32 பைட் மடங்காக இருக்கட்டும். இல்லையென்றால் பழைய ஃபிரேமின் துண்டுகள் புதியதில் ஒட்டிக்கொண்டு வரும்.

கார்டை எப்படிப் படிக்கிறாய்?

பல்லடத்தான்:
512 பைட்டாகப் படித்து, ஜேபெக்கின் தொடக்க முடிவு பைட்டுகளைத் தேடுகிறேன் அண்ணா.

பழைய சால்டரிங்:
தேடவே வேண்டாம். ஏவிஐ-யில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் 8 பைட் தலைப்பு இருக்கிறது: 4 பைட் அடையாளம், 4 பைட் அளவு. அளவைப் பார்த்து ஃபிரேமை ஒரே மூச்சில் எடு. அளவு ஒற்றைப்படையாக வந்தால் ஒரு பைட் தாண்டிக்கொள். 12 எம்பி, 300 ஃபிரேம் என்றால் ஒன்று சுமார் 40 கேபி. கார்டுக்கு அது ஒரு பாரமே இல்லை.

பல்லடத்தான் (மூன்று நாள் கழித்து):
அண்ணா, ஓடுது! படிப்பது, டிகோட், நிறம் மாற்றுவது எல்லாம் சேர்ந்து 25 மில்லிசெகண்டுக்குள். பட்டனும் வேலை செய்கிறது. ஆனால் புதுசாக ஒரு தலைவலி. வீடியோவை ஒரு தடவை ஓட்டிவிட்டு வெளியே வந்தால், முதல் திரையில் இருக்கிற கோன் ஐகான் மேல் பச்சையும் ஊதாவுமாகக் கோடு. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது. மறுபடி வீடியோ ஓட்டினால் மறுபடி கோடு. டி-கேஷை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஐகான்களை ஆரம்பத்திலேயே எஸ்டிரேமில் ஏற்றி வைக்கிறேன்.

பழைய சால்டரிங்:
எஸ்டிரேமில் அந்த ஐகானுக்கு முந்தின வீட்டில் யார் குடியிருக்கிறார்? ஒய்சிபிசிஆர் பஃபர்தானே?

4:2:0 (நிறத்தைக் கால் பங்கு பிக்சலுக்கு மட்டும் வைக்கிற முறை) ஜேபெக்கில் ஒரு கட்டம் 16×16 பிக்சல். 640-ஐ 16-ஆல் வகுத்தால் 40, மீதி இல்லை. 360-ஐ வகுத்தால் 22.5. டிகோடர் அரைக் கட்டம் எழுதாது, 368 வரிக்குமே எழுதிவிடும். பிக்சலுக்கு 1.5 பைட் கணக்கில் நீ 640×360×1.5 என்று 345,600 பைட் ஒதுக்கியிருப்பாய். அதற்கு வேண்டியது 353,280. மிச்சம் 7,680 பைட்டை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உன் ஐகான் தலையில் கொட்டுகிறது.

எஃப்எஃப்எம்பெக்கில் (வீடியோ மாற்றுகிற மென்பொருள்) மாற்றும்போதே மேலே 4 வரி, கீழே 4 வரி வெட்டி 640×352 ஆக்கு. பஃபரையும் மேல்நோக்கி 16-ன் மடங்காகக் கணக்குப் போடு. நாளைக்கு வேறு யாராவது வேறு அளவில் வீடியோ போடுவார்கள்.

பல்லடத்தான்:
345,600 தாங்க. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். 352 ஆக்கியதும் கோடு போய்விட்டது. இன்று ஷெட்டில் ஒரு மிஷினில் போட்டுப் பார்த்தோம். நூல் அறுந்ததும் வீடியோ வந்தது, அந்தப் பையன் பாதி பார்த்துவிட்டு மூடிவிட்டுக் கோக்கப் போய்விட்டான். மூடியதுதான் எனக்கு சந்தோஷம்.

பெருந்துறை வாசி:
எஸ்டி ஸ்லாட்டைப் பார்த்துக்கோங்க. எங்கள் பக்கத்தில் மிஷின் அதிர்வில் கார்டு தளர்ந்து, பஞ்சு உள்ளே போய், மாசம் ஒரு தடவை பேனலைக் கழற்ற வேண்டியிருந்தது. 12 எம்பி தானே, 16 எம்பி ஃபிளாஷ் சிப்பில் அடங்கிவிடுமே.

பல்லடத்தான்:
போர்டில் அதற்கு இடம் விட்டிருக்கிறேன்ங்க, சிப்பைத்தான் காசு மிச்சம் என்று வைக்கவில்லை. 40 பேனலுக்கும் போய் சால்டர் வைக்க வேண்டும் போலிருக்கிறது.