புதுப்பிப்பு: முன்பக்க ‘டக் டக்’ சத்தம் தீர்ந்தது, ரேக் மாற்றவில்லை

கார் ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன் இடது பக்கம் ‘டக் டக்’ சத்தம், ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் ரேக்கையே (ஸ்டீயரிங் சுற்றுவதை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ‘இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்’ என்ற யோசனைதான். லிங்க் ராட் என்பது, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்ன ராட். உச்சிப்புளியில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் கழற்றித் தந்தார். தெருவுக்குள் ஒரு சுற்று, சத்தமே இல்லை. (இப்படி மெதுவாக மட்டும் ஓட்டுங்கள், வளைவில் வண்டி சாயும்.) இடது ராடின் முனையில் உள்ள பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) கையால் ஆட்டினாலே லொடலொடத்தது. இரண்டு பக்கமும் புதுசு போட்டாச்சு.

எதிர்பாராதது டை ராட் எண்ட், அதாவது ரேக்கிலிருந்து வரும் ராடை சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் மூட்டு. அதன் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, உள்ளே கிரீஸ் செங்கல் நிறத்தில் மணலோடு நறநறவென்று இருந்தது. தனுஷ்கோடி, மண்டபம் என்று ஓடுகிற வண்டிக்கு உப்புக்காற்று சும்மா விடுமா? அதை நகராமல் பிடிக்கும் லாக் நட் துருவேறி அசையவே இல்லை. துரு இளக்கும் ஆயிலை அடித்து ராத்திரி முழுக்க விட்ட பிறகுதான் கழன்றது. கழற்றும் முன் மரையில் பெயின்ட் அடையாளம் வைத்து, அதே அளவுக்குப் பொருத்தியதால், ராமநாதபுரத்தில் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்கும்வரை ஸ்டீயரிங் பெரிதாக இழுக்கவில்லை.

லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே தாங்கும் கை) வண்டியோடு சேரும் இடத்து ரப்பர் புஷ்ஷில் லேசான வெடிப்பு உண்டு, ஆட்டம் இல்லை. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுகிறவர்கள் அந்த புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் தரையில் நின்று வண்டி எடை இறங்கிய பிறகே முழுசாக இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.