எட்டாம் வகுப்பில் நாடகப் பாடம்: ஐந்து மாதமாக மேடையே ஏறவில்லை, இது படிப்புதானா?

கேள்வி: எட்டாம்வகுப்பு_அம்மா

என் மகளுக்கு 13 வயது. வீட்டிலேயே அளந்துதான் பேசுவாள், வெளியில் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவள் இந்த ஆண்டு விருப்பப் பாடமாக நாடகத்துக்குத் தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு நம்பவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஐந்து மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு நாடகம்கூடப் போடவில்லை. வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "கண்ணை மூடிக்கொண்டு நடந்தோம்", "ஒருத்தர் செய்வதை அப்படியே எதிரில் நின்று செய்தோம்", "அர்த்தமில்லாத பாஷையில் பேசினோம்" என்கிறாள். தினமும் ஒரு நோட்டில் ஏதோ எழுதுகிறாள், அதை எனக்குக் காட்டுவதில்லை. ஆண்டு இறுதியில் ஒரு நாடகம் இருக்கிறதாம். அதில் இவளுக்கு மேடை நிர்வாகி வேலை, நடுவில் ஒரு சின்னக் காட்சியில் நடிக்கவும் வேண்டும்.

வெட்கப்படும் பிள்ளை என்பதால் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நாடகம் படித்தவர்கள், சொல்லித்தருபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இப்படித்தான் நடத்துவார்களா?

பதில்: அரங்கவகுப்பு

17 வருடமாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த ஆசிரியர் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது.

எதிரில் நின்று அப்படியே செய்வது கண்ணாடி விளையாட்டு. ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்குவார், மற்றவர் பிம்பம்போல அதையே செய்வார். சிறிது நேரம் கழித்து ஆசிரியர் "மாற்று" என்பார், பிம்பமாக இருந்தவர் நடத்துபவர் ஆவார். மாற்றங்கள் வேகமாகிக்கொண்டே போய், கடைசியில் யார் நடத்துகிறார், யார் பின்பற்றுகிறார் என்று அவர்களுக்கே தெரியாத நிலை வரும். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும். அந்த அமைதிக்காகவே நான் இந்த விளையாட்டை ஒவ்வோர் ஆண்டும் வைக்கிறேன்.

இதை ஏன் முதலில் வைக்கிறோம் என்றால், இந்த வயதுப் பிள்ளைகளை நேரே மேடையில் ஏற்றினால் எதிரில் இருப்பவரைப் பார்க்கவே மாட்டார்கள். தன் வசனம் எப்போது வரும் என்பதிலேயே உயிர் இருக்கும். என்னிடம் ஒரு மாணவன் இருந்தான், அற்புதமான குரல். மற்றவர் பேசும்போது அவர் வசனத்தைத் தானும் உதட்டளவில் முணுமுணுத்துக்கொண்டே நிற்பான். நாடகம் முழுக்க மனப்பாடம், ஆனால் ஒரு வார்த்தையும் அவன் காதில் விழவில்லை. அவனைச் சரிசெய்ய எனக்கு ஓராண்டு பிடித்தது, அதுவும் இந்த விளையாட்டுகளால்தான்.

இவற்றுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வயோலா ஸ்போலின் (1906–1994) என்ற அமெரிக்கப் பெண்மணி, 1930களின் இறுதியில் சிகாகோ நகரத்தில் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். விளக்கமாகச் சொல்லிப் புரியவைப்பது அங்கே பலிக்கவில்லை. அதனால் நடிப்பின் ஒவ்வொரு சிக்கலையும் அவர் ஒரு விளையாட்டாக மாற்றினார். விதியைச் சொல்வார், விளையாட விடுவார். நடுவில் நிறுத்தித் திருத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று குரல் கொடுப்பார். அர்த்தமில்லாத பாஷையில் பேசுவதும் அவர் வகுப்பில் முக்கியமான பயிற்சி. வார்த்தையைப் பறித்துவிட்டால் உடம்பும் குரலின் ஏற்ற இறக்கமும்தானே மிச்சம்? அதிகம் பேசாத பிள்ளைகள் இந்தப் பயிற்சியில் திடீரென்று வெளிப்படுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். உங்கள் மகளிடம் அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுப்பாருங்கள்.

விளையாட்டிலிருந்து நடிப்புக்கு வரும் பாலமாக நான் வைப்பது பெஞ்சு விளையாட்டு. ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், மற்றவர் அவரை எழுப்ப வேண்டும். தொடக் கூடாது, "எழுந்திரு" என்று சொல்லவும் கூடாது. முதலில் எல்லோரும் கத்துவார்கள், பயமுறுத்துவார்கள், யாரும் எழ மாட்டார்கள். ஒரு பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெஞ்சுக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து நொடியில் மற்றவள் துள்ளி எழுந்துவிட்டாள். அன்றுதான் "பாத்திரத்துக்கு என்ன வேண்டும்? அதை அடைய என்ன செய்கிறது?" என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். ரஷ்யாவின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகர்களுக்கு வகுத்த முறையில் அடிப்படையான கேள்வி இது. உயர்நிலை வகுப்புகளில் ஒரு பிரதியைக் கையில் கொடுத்துக் காட்சி காட்சியாக ஆராயச் சொல்லும்போது, பிள்ளைகள் திரும்பத் திரும்ப இதற்குத்தான் வந்து நிற்பார்கள்.

"கதவை மூடு" என்ற இரண்டே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிலில் குழந்தை தூங்குகிறது, கதவை மூடு. யாரோ துரத்தி வருகிறார்கள், கதவை மூடு. நீ போகிறாய், நான் தடுக்கப் போவதில்லை, கதவை மூடு. எழுத்து ஒன்றுதான், உள்ளே ஓடுவது வேறு வேறு. பத்தாம் வகுப்பில் இந்த ஒரு வரியை மட்டும் வைத்து ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

அந்த நோட்டைக் கேட்காதீர்கள். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி 14 வயதில், 1877இல், தன் குடும்பத்தின் வீட்டு மேடையில் நடித்தார். தான் எங்கே சரியாகச் செய்தோம், எங்கே பொய்யாக நடித்தோம் என்று அன்றிலிருந்தே குறிப்பெழுதத் தொடங்கினார். அவர் முறையின் வேர் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. உங்கள் மகளும் கிட்டத்தட்ட அதே வயதில் அதைத்தான் செய்கிறாள்.

பதில்: பென்சிலும்_டேப்பும்

நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் மேடை நிர்வாகி வேலைதான் கொடுத்தார்கள். அன்றைக்கு இரவு அழுதேன், ஒதுக்கிவிட்டார்கள் என்று. அதனால் இதை எழுதியே ஆக வேண்டும், ஆன்ட்டி.

அது ஓரமாக உட்காரும் வேலை இல்லை. முழு நாடகத்தையும் தெரிந்துவைத்திருக்கும் ஒரே ஆள் மேடை நிர்வாகிதான். என் கையில் ஒரு பெரிய கோப்பு இருக்கும். ஒரு பக்கம் வசனம், எதிர்ப் பக்கம் வெற்றுத்தாள். யார் எந்த வசனத்தில் எங்கிருந்து எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எப்போது சத்தம் வர வேண்டும், எல்லாம் அந்த வெற்றுத்தாளில் இருக்கும். பென்சிலில்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு ஒத்திகையிலும் மாறும், பேனாவில் எழுதினால் இரண்டாவது வாரமே படிக்க முடியாது.

மேடையில் வலது இடது என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது இடது. இது எனக்குப் பிடிபடவே ஒரு வாரம் ஆனது. பின்பகுதியை ஆங்கிலத்தில் 'அப்ஸ்டேஜ்' என்பார்கள். பழைய மேடைகளில் பார்வையாளருக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று பின்பகுதியை உயர்த்திச் சரிவாகக் கட்டுவார்களாம், அந்தப் பெயர் அப்படியே தங்கிவிட்டது.

நாடகம் நடக்கும்போது நான் "தயார்" என்றால் விளக்குப் பலகையில் இருக்கும் அண்ணா பட்டனில் விரல் வைத்துக் காத்திருப்பார். அதற்கப்புறம் நான் "போ" என்று சொல்லும் வரை யாரும் பேசக் கூடாது. ஒரு வினாடி முந்தினால் காட்சி கெட்டுவிடும். அந்தச் சின்ன இடைவெளியில் மேடையிலிருப்பவரின் மூச்சைக்கூடக் கேட்டுக்கொண்டிருப்பேன். அடுத்த ஆண்டு எனக்கு ஒரு பெரிய பாத்திரம் கிடைத்தது. பயப்படாமல் நடித்ததற்குக் காரணம் அந்தக் கோப்புதான். மேடையில் என்னென்ன தப்பு நடக்கும், அதை எப்படிச் சமாளிப்பது என்று எல்லாமே ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

பொருட்களை வைக்கும் மேசையில் காகிதம் விரித்து, ஒவ்வொரு பொருளையும் சுற்றிக் கோடு போட்டுப் பெயர் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எது காணோம் என்று இருட்டில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மறுமொழி: எட்டாம்வகுப்பு_அம்மா

இருவருக்கும் நன்றி. மேசையில் கோடு போடுவதை அவளிடம் சொன்னேன், "அது எனக்குத் தெரியும்மா, போன வாரமே போட்டுட்டேன்" என்றாள்.

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். அந்தச் சின்னக் காட்சியில் இவள் அழ வேண்டுமாம். போன ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு மரணம், இவளுக்கு ரொம்ப நெருக்கமானவர். அதை நினைத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது பழகுகிறாள். நிஜ நடிகர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எங்கேயோ பார்த்தாளாம். விடலாமா?

பதில்: அரங்கவகுப்பு

விடாதீர்கள். இன்றைக்கே பேசுங்கள்.

சொந்த அனுபவத்தின் உணர்ச்சியை நினைவிலிருந்து எழுப்பும் பயிற்சியை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஒரு காலத்தில் நிறைய வலியுறுத்தினார், உண்மைதான். ஆனால் பிற்காலத்தில் அவருடைய கவனம் உடல் சார்ந்த செயல்கள் பக்கம் போனது. உணர்ச்சியை நேரடியாகக் கூப்பிட்டால் அது வராது, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தால் தானாக வரும் என்பது அதன் சாரம். பதின்வயதுப் பிள்ளைகளிடம் நான் முதல் வழிக்குப் போவதே இல்லை. ஆறாத காயத்தை ஒத்திகைக்கு ஒத்திகை கீறச் சொல்ல எனக்கு மனம் வராது, அதற்கு அவசியமும் இல்லை.

அவளுக்குக் கையில் ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். காட்சியில் இறந்துபோனவரின் சட்டையை மடித்து வைப்பது போதும். மடிக்கிறாள், கைப்பகுதி சரியாக வரவில்லை, பிரித்து மறுபடி மடிக்கிறாள். பக்கத்தில் இருப்பவர் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பது மட்டும் அவள் நோக்கம். துக்கத்தில் இருப்பவர்கள் அழப் பார்ப்பதில்லை, அழாமல் இருக்கத்தான் பார்க்கிறார்கள். கண்ணீர் வராவிட்டாலும் பார்ப்பவர்களுக்குப் போய்ச் சேரும்.

வீட்டில் நடந்ததை அவளுடைய ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தெரிந்திருந்தால் அந்தக் காட்சியை வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று முதலில் அவளிடமே கேட்டிருப்பார். அவளே செய்கிறேன் என்றால் செய்யட்டும். ஒத்திகை முடிந்ததும் பாத்திரத்தைக் கழற்றி வைக்கும் பழக்கம் மட்டும் கட்டாயம் வேண்டும். என் வகுப்பில் சட்டையை மேசையில் அதன் கோட்டுக்குள் வைத்துவிட்டு, கைகால்களை உதறி, தன் பெயரைச் சத்தமாகச் சொல்லி, நாளைக்கு முதல் பாடவேளை என்ன என்றும் சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.