பேட்டரி செயின் சா: புகை வருது, வலப்பக்கம் வளைஞ்சு அறுக்குது, 5 நிமிஷத்துல நின்னுடுது

கரிசல்மண்:
வணக்கம். வரப்போரம் இருக்கிற சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுக்க பேட்டரி செயின் சா பயன்படுத்துறேன். 18 வோல்ட் பேட்டரி ரெண்டு மாட்டுற 36 வோல்ட் மெஷின், பேட்டரி ரெண்டும் 2 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியோட கொள்ளளவு). பார் (செயின் சுத்தி ஓடுற தட்டை இரும்பு) 14 இஞ்ச். செயின் 3/8 இஞ்ச் பிட்ச் (லிங்க் இடைவெளி) லோ புரொஃபைல் (உயரம் குறைஞ்ச வகை), 1.1 மி.மீ. கேஜ் (லிங்க் தடிமன்), 52 டிரைவ் லிங்க் (பார் காடிக்குள்ள ஓடுற துண்டு). பிரச்சினை இதுதான்:

தூர்ல வச்சா புகை வருது. மாவு மாதிரி தூள் கொட்டுது. நேரா இறங்காம வலப்பக்கமா வளையுது. 5 நிமிஷத்துல லைட் மின்னி மெஷின் நின்னுடுது, பேட்டரி தொட முடியாத சூடு. செயினும் அடிக்கடி லூஸாகுது, சூடா இருக்கும்போதே டைட் வைக்கிறேன். 4.8 மி.மீ. உருண்டை அரத்துல ரெண்டு தடவை தீட்டியாச்சு. ஆயில், டிராக்டர்ல வடிச்ச பழைய எஞ்சின் ஆயில். மோட்டார் போயிடுச்சா?

அரமும் தணலும்:
மோட்டார் மேல சந்தேகப்பட இப்போதைக்குக் காரணமே இல்லை தம்பி. தூள்தான் விடை சொல்லுது. பல் கூரா இருந்தா மரம் சீவல் சீவலா வரணும். மாவா வந்தா பல் வெட்டலை, தேய்க்குதுன்னு அர்த்தம். புகை, சூடு, பேட்டரி நிக்கிறது எல்லாம் அதோட விளைவு.

முதல் தப்பு அரம். 4.8 மி.மீ. அரம் 0.325 இஞ்ச் பிட்ச் செயினுக்கு உரியது. உங்க செயினுக்கு அது பருமன். பல்லோட வெட்டுவாய்ல கொக்கி மாதிரி வளைவு விழாம, சரிவா மழுங்கிப் போகும். 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ. அரம்தான் பொதுவா ஏத்தது. சில வகைக்கு 4.5 கேப்பாங்க, அதனால செயின் அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற அளவைப் பார்த்துட்டு வாங்குங்க.

வலப்பக்கம் வளையுறதுக்குக் காரணம், வலப்பக்கப் பல் கூராவோ நீளமாவோ இருந்து இடப்பக்கப் பல் மழுங்கியிருக்கிறது. கூரான பக்கம் இழுத்துட்டுப் போகும். எல்லாருக்குமே ஒரு பக்கம் கை வாகா அமையும், மறுபக்கம் அமையாது. பார் காடிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற விளிம்புல ஒண்ணு தேஞ்சு தாழ்ந்திருந்தாலும் இதே மாதிரி வளையும். பாரைக் கழட்டி, கண்ணாடி மேல அதோட ஓர விளிம்பை நட்டு வச்சுப் பாருங்க. நேரா நிக்காம ஒரு பக்கம் சாய்ஞ்சா பார் தேஞ்சிருக்கு.

வைகைக்கரைப் பட்டறை:
பழைய எஞ்சின் ஆயிலை இன்னைக்கே நிறுத்துங்க. அதுல இரும்புப் பொடி கலந்திருக்கும், பம்பையும் பாரோட ஆயில் துளையையும் அடைக்கும். அதோட, செயின் சுத்தும்போது அது உங்க கையிலயும் முகத்துலயும் தெறிக்குது. தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதியான சரக்கு. செயினுக்குன்னு விக்கிற பார் ஆயில் பிசுபிசுப்பா ஒட்டிக்கும். அது கிடைக்காத நாளுக்குப் புது எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில் தாங்கும். கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஊத்தாதீங்க, டேங்க்ல கிடந்தா பசையா உறைஞ்சு பம்பைப் பிடிச்சுக்கும்.

டேங்க்கை வடிச்சுட்டு, பாரைக் கழட்டி, அது மெஷின்ல உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற சின்னத் துளையை மெல்லிய கம்பியால குத்திச் சுத்தம் பண்ணுங்க. பார் காடியில இறுகிக் கிடக்கிற தூளையும் வழிச்சு எடுங்க. மறுபடி மாட்டும்போது பாரைத் தலைகீழாத் திருப்பி மாட்டினா மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே மாதிரி தேயும். பிறகு பார் முனையை ஒரு வெள்ளை அட்டைக்கு ஒரு சாண் தூரத்துல பிடிச்சு முழு வேகத்துல ஓட்டுங்க. அரை நிமிஷத்துக்குள்ள அட்டையில எண்ணெய்க் கோடு விழணும். விழலைன்னா மரத்துப் பக்கமே போகாதீங்க.

செயினைச் சூட்டுல டைட் வைக்கிறது ஆபத்து. சூட்டுல நீண்ட செயின், ஆறும்போது சுருங்கி பாரையும் மோட்டார் தண்டையும் இழுத்து வளைக்கும். ஆறவிட்டு, பேட்டரி ரெண்டையும் கழட்டிட்டு கவர் நட்டை லூஸ் பண்ணுங்க. பார் முனையை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே டென்ஷன் ஸ்குரூவைத் திருப்புங்க. கீழ்ப்பக்கம் செயின் பாரை ஒட்டினதும், முனையை இறக்காம நட்டை முறுக்குங்க. கையுறை போட்டுக் கையால இழுத்தா செயின் தடங்கலில்லாம ஓடணும். நடுவுல தூக்கிவிட்டா பாரோட போய் ஒட்டணும். புதுச் செயின்னா முதல் 5 நிமிஷத்துலயே ஒரு தடவை பாருங்க, அப்பதான் அது அதிகமா நீளும்.

கரிசல்மண்:
நன்றி அண்ணே. துளை முழுக்க அடைச்சிருந்தது. கம்பி விட்டதும் அட்டையில கோடு விழுது. பாரும் கண்ணாடி மேல நேரா நிக்குது. தீட்டுற முறையைச் சொல்லுங்க. பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் நிக்குது?

அரமும் தணலும்:
52 லிங்க் சாதாரணச் செயின்ல 26 பல் இருக்கும், பக்கத்துக்கு 13. பாரை வைஸ்ல பிடிச்சு, ஒரு பல்லுல பெயிண்ட் வச்சு ஆரம்பிங்க. எல்லாப் பல்லையும் ஸ்கேலால அளந்து, எது குட்டையோ அந்த நீளத்துக்கு மத்ததைக் கொண்டுவாங்க. பல் மேல்தட்டுல கோடு இருக்கும், சாதாரணமா 30 டிகிரி. அந்தக் கோட்டுக்கு இணையா, உள்ளேருந்து வெளியே, தள்ளும்போது மட்டும் அரத்தை அழுத்துங்க. இழுக்கும்போது தொடக்கூடாது. அரத்தோட விட்டத்துல அஞ்சுல ஒரு பங்கு மேல்தட்டுக்கு மேல தெரியணும். ஒரு பல்லுக்கு எத்தனை தடவை தள்ளுறீங்களோ, அதையே எல்லாத்துக்கும் எண்ணித் தள்ளுங்க. கை வாகா அமையாத பக்கத்துக்கு வைஸைச் சுத்தி வந்து நின்னு தீட்டினா வளைவு போயிடும். மேல்தட்டு நீளம் 4 மி.மீ.க்குக் கீழ வந்துட்டா செயினை மாத்திடுங்க.

பல்லுக்கு முன்னாடி ஒரு மேடு இருக்கே, அதுதான் பல் எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு முடிவு பண்ணுறது. பல் முனையைவிட அது சுமார் 0.65 மி.மீ. தாழ இருக்கணும். மூணு தடவை தீட்டினதும் இந்த மேட்டோட உயரத்தை அளக்கிற கேஜ் தகடு வச்சுப் பார்த்து, உயரமா நின்னா தட்டை அரத்தால இறக்குங்க. கண்ணளவுல இறக்காதீங்க. அதிகமா இறக்கினா பல் மரத்தை வாரி இழுக்கும், கிக்பேக் வரும், அதாவது மெஷின் நம்ம பக்கமா எகிறும்.

பேட்டரிக்கு வருவோம். 18 வோல்ட் 2 ஏஹெச்-ல 5 செல்தான். 5 ஏஹெச்-ல பெரும்பாலும் 10 செல், ரெண்டு ரெண்டா சேர்ந்து சுமையைப் பங்கு போட்டுக்கும். காய்ஞ்ச சீமைக் கருவேலத்துல மழுங்கின பல்லோட 2 ஏஹெச்-ஐ ஓட்டினா ஒவ்வொரு செல்லும் இரட்டிப்பு மின்னோட்டத்தைத் தாங்கணும். சூடேறி, பாதுகாப்பு சர்க்யூட் நிறுத்திடும். செயின் சரியானா இதே பேட்டரி கூடுதல் நேரம் வரும், ஆனா இந்த வேலைக்கு 5 ஏஹெச் தேவை. ஒரே அளவு சார்ஜ் உள்ள ஜோடியா மாட்டுங்க, ஒண்ணு குறைஞ்சாலும் மெஷின் நிக்கும். சூடான பேட்டரியை உடனே சார்ஜ்ல போடாம நிழல்ல ஆற வையுங்க.

வைகைக்கரைப் பட்டறை:
தூரை அறுக்கிறீங்கன்னு சொன்னீங்க. மண்ணை ஒரு சாணாவது தோண்டி ஒதுக்கி, பட்டையில ஒட்டின மணலைக் கம்பி பிரஷ்ஷால தட்டின பிறகுதான் செயின் தொடணும். மண்ணை ஒரு விநாடி தொட்டாலே தீட்டினது வீண்.

அதைவிடப் பெரிய கவலை பார் முனை. அதோட மேல் கால்வட்டம் கல்லையோ மறைஞ்ச கிளையையோ தொட்டா மெஷின் முகத்துக்கு நேரா எகிறும். முன்கைப்பிடியை இடது கட்டைவிரல் சுத்திப் பிடிச்சிருக்கணும். வேலைக்கு முன்னாடி செயினை ஓடவிட்டு, முன்கைப்பிடிக்கு முன்னாடி இருக்கிற தடுப்பை இடது மணிக்கட்டால தள்ளுங்க, செயின் சட்டுனு நிக்கணும். நிக்காத மெஷின் நேரா சர்வீசுக்கு.

வெட்டிப் போட்ட தடி ரெண்டு பக்கமும் தாங்கி நடுவுல தொங்கினா, மேலேருந்து மூணுல ஒரு பங்கு அறுத்துட்டு மீதியைக் கீழேருந்து. ஒரு பக்கம் மட்டும் தாங்கினா கீழேருந்து மூணுல ஒரு பங்கு, அப்புறம் மேலேருந்து. மாத்திப் பண்ணினா பார் கவ்விக்கும். அப்ப ஆட்டி இழுக்காம, பேட்டரியைக் கழட்டிட்டு ஆப்பு வச்சு விரிச்சு எடுங்க.

கரிசல்மண்:
4 மி.மீ. அரத்துல தீட்டியாச்சு. இடப்பக்கப் பல் கிட்டத்தட்ட 1 மி.மீ. நீளமா, மொட்டையா இருந்தது, சமமாக்கிட்டேன். இப்ப சீவலா வருது, நேரா இறங்குது, புகை இல்லை. ஒண்ணே ஒண்ணு: ராத்திரி வச்சா காலையில மெஷினுக்குக் கீழ எண்ணெய் தேங்கி நிக்குது. பம்ப் ஒழுகுதா?

வைகைக்கரைப் பட்டறை:
பார்லயும் கவருக்குள்ளயும் தங்கின எண்ணெய் வடியுது, அது இயல்புதான். சில நாள்னா அடியில அட்டை போட்டு வையுங்க. வாரக்கணக்குல வைக்கிறதா இருந்தா டேங்க்கை வடிச்சுட்டு, செயினைக் கொஞ்சம் லூஸ் பண்ணி, பேட்டரியைக் கழட்டிப் பாதி சார்ஜ்ல தனியா எடுத்து வையுங்க. டேங்க் முழுக்கவே காலியாகி நின்னா மட்டும் மூடியோட ரப்பர் வளையத்தைப் பாருங்க.