பன் மாவுக்கு ஸ்டாண்ட் மிக்சர் தாங்குமா?

மதுரையில் வீட்டிலிருந்தே கேக், பன் செய்து கொடுக்கிறேன். கேக்குக்கு என் 300 வாட் ஹேண்ட் மிக்சரே போதும், கிரீம் அடிக்க ஒரு குறையும் இல்லை. சிக்கல் பால் பன் மாவில்தான். தீபாவளியிலிருந்து ஆர்டர் கூடிவிட்டது. ஒரு தடவைக்கு ஒரு கிலோ மைதா, 600 மில்லி பால், கடைசியில் 100 கிராம் வெண்ணெய். ஒரு துண்டை விரலால் விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிய வேண்டும், அந்தப் பதம் வராவிட்டால் மறுநாளே பன் வறண்டு உதிர்கிறது.

ஹேண்ட் மிக்சரின் மாவு பிசையும் கொக்கியைப் போட்டுப் பார்த்தேன். அரை கிலோவுக்கே மோட்டார் சூடாகிக் கருகல் வாசம் வந்தது, மாவும் கம்பியில் ஏறிச் சுற்றிக்கொண்டது. கிரைண்டரில் மாவு பிசையும் பகுதியை மாட்டினால் சப்பாத்தி மாவுக்கு அருமை, ஆனால் வெண்ணெய் போட்டதும் மொத்தமாக வழுக்கிச் சுற்றுகிறதே தவிர இழுபடவில்லை. பாலில் கலந்து அரை மணி ஊறவைத்து, அப்புறம் இடைவெளி விட்டு இழுத்து மடித்தால் பதம் நன்றாகவே வருகிறது, ஆனால் அடுத்தடுத்து இரண்டு தடவை செய்ய மணிக்கட்டு விடுவதில்லை.

கிச்சன்எய்ட் மாதிரி விலை கூடிய ஸ்டாண்ட் மிக்சர் என் கைக்கு எட்டாது. ஐந்து லிட்டர் கிண்ணம், 1000 வாட்டுக்கு மேல் என்று போட்டு விற்கும் குறைந்த விலை மிக்சர்களைத்தான் பார்க்கிறேன். வாட் எண்ணை மட்டும் நம்பி வாங்க மனமில்லை, அது மோட்டார் இழுக்கும் மின்சாரக் கணக்குதான், கொக்கியில் எவ்வளவு பலம் வருகிறது என்று அதில் தெரியாது.

இந்த மாதிரி மிக்சரில் ஒரு கிலோ மைதா பன் மாவை வாரத்தில் மூன்று நாலு நாள் பிசைபவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் மோட்டாரும் கியரும் தாங்குகிறதா?