மீளச் செய்த ரோட்டரி எஞ்சின் எத்தனை காலம் உழைக்கும்?

கேள்வி (கல்லடி): ரோட்டரி எஞ்சின் உள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஒன்று விலைக்கு வந்துள்ளது. எஞ்சினை மீளச் செய்து பூட்டியதாக உரிமையாளர் கூறுகிறார். நம்பி வாங்கலாமா?

பதில் (கல்முனை): தம்பி, எந்தெந்தப் பாகங்களை மாற்றினார்கள் என்பதற்கான பற்றுச்சீட்டை முதலில் கேளுங்கள். பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண வடிவ ரோட்டரின் மூன்று முனைகளிலும் அழுத்தம் கசியாமல் தடுக்கும் ஏபெக்ஸ் சீல்களை மட்டும் புதிதாக்கி, உட்சுவரின் குரோம் பூச்சு உரிந்த பழைய ஹவுசிங்கையே (ரோட்டர் சுழலும் கூட்டையே) திரும்பப் பூட்டியிருந்தால், அந்த எஞ்சின் நெடுங்காலம் உழைக்காது.

பதில் (மட்டக்களப்பு நகர்): அண்ணன் சொல்வது சரி. அத்துடன் கொம்பிரஷன் (எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். சாதாரண அழுத்தமானி, ரோட்டரின் மூன்று பக்கங்களுக்கும் ஹவுசிங்குக்கும் இடையிலுள்ள மூன்று அறைகளில் மிக உயர்ந்த அழுத்தத்தை மட்டுமே காட்டும் என்பதால், ஒரு சீல் தேய்ந்திருந்தாலும் அது மறைந்துவிடும். மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரிக்குரிய கருவியே வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில், நிமிடத்துக்கு 250 சுழற்சியில், ஒவ்வோர் அறையும் குறைந்தது 680 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். சூடான எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகாமல் இழுபட்டால், எனக்கு அதுவே போதிய எச்சரிக்கை.

பதில் (அக்கரைப்பற்று): நல்ல எஞ்சினையும் பெற்றோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் கொயில் பழுதானால், அது கெடுத்துவிடும். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் எரிந்து அதை அடைக்க, வெளியேற முடியாத வெப்பம் சீல்களைத் தாக்கும். சீல்களை வழுவழுப்பாக்க இந்த எஞ்சின் இயல்பாகவே ஒயிலை எரிக்கிறது. ஆகவே பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் மட்டத்தையும் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வாசலில் காரை நகர்த்திவிட்டு உடனே நிறுத்த வேண்டாம். பெற்றோல் உள்ளே தேங்கி, பிறகு ஸ்டார்ட் ஆகாது.