இன்டெஞ்சர்ட் சர்வன்ட்: "பணிமுறியாள்" என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டு உழைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போனவர்களை ஆங்கிலத்தில் இன்டெஞ்சர்ட் சர்வன்ட் என்பார்கள். அதற்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். கொத்தடிமை, ஒப்பந்தத் தொழிலாளர், ஒப்பந்தக் கூலி, சஞ்சிக்கூலி, ஆளோலை அடிமை என்று ஐந்து பதில்கள் வந்தன, எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஐந்தையும் என் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் படித்துப் பார்த்தேன், ஒன்றும் உட்காரவில்லை. ஆனால் ஏன் உட்காரவில்லை என்று பார்த்துக்கொண்டே போனதில் வேறொரு சொல் கிடைத்தது. அதற்கு வருகிறேன், முதலில் எனக்கு எந்த இடத்தில் இடித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

1640, அமெரிக்காவில் அன்று ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியா. ஹியூ க்வின் என்பவரிடம் வேலை செய்த மூன்று பேர் பக்கத்து மேரிலாந்துக்கு ஓடிப்போய்ப் பிடிபடுகிறார்கள். ஒருவர் விக்டர், டச்சுக்காரர். இன்னொருவர் ஜேம்ஸ் கிரெகரி, ஸ்காட்லாந்துக்காரர். மூன்றாமவர் ஜான் பன்ச், கறுப்பர். மூவருக்கும் முப்பது முப்பது கசையடி. அதோடு முதல் இருவரும் கூடுதலாக நான்கு ஆண்டு உழைக்க வேண்டும், ஓர் ஆண்டு எஜமானுக்கு, மூன்று ஆண்டு குடியேற்ற அரசுக்கு. ஜான் பன்ச் மட்டும் உயிரோடு இருக்கும் வரை உழைக்க வேண்டும் என்று தீர்ப்பு. அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றை எழுதுகிற யாரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. நான் முதல் வரைவில் மூவரையும் "கொத்தடிமைகள்" என்று எழுதியிருந்தேன். தீர்ப்புக்கு வந்ததும் என் வாக்கியம் இப்படி ஆனது: "கொத்தடிமையாக இருந்த ஜான் பன்ச் அடிமையாக்கப்பட்டார்." ஏற்கெனவே அடிமை என்று சொல்லிவிட்ட ஒருவரை எப்படி அடிமையாக்குவது? அந்த மனிதருக்கு அன்று நடந்த அநியாயம் முழுக்க அந்த ஒரே வாக்கியத்தில் காணாமல் போய்விட்டது. அன்றிலிருந்துதான் இந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை.

> கொத்தடிமை எல்லோருக்கும் தெரிந்த சொல். புதிதாக எதற்கு?

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. கொத்தடிமை என்றால் நமக்குச் செங்கல் சூளையும் அரிசி ஆலையும் வாங்கிய முன்பணமும் தீராத வட்டியும் கண்ணில் வரும். இந்தியாவில் 1976-இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்தது அதைத்தான். அங்கே கடனுக்கு முடிவு கிடையாது, அப்பன் வாங்கியதை மகன் உழைத்துக் கழிப்பான். அமெரிக்கக் குடியேற்றங்களில் இருந்த முறைக்கோ முடிவுத் தேதி உண்டு, வழக்கமாக நான்கிலிருந்து ஏழு ஆண்டு. கப்பல் கட்டணத்துக்கு வழியில்லாத இங்கிலாந்து இளைஞர்கள் இத்தனை ஆண்டு உழைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள். அமெரிக்கப் புரட்சிக்கு முன்னால் அங்கே போன ஐரோப்பியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் இப்படிப் போனவர்கள்தான்.

> அப்படியானால் ஒப்பந்தத் தொழிலாளர் என்று நேராகச் சொல்லிவிடலாமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இன்றைக்கு ஒப்பந்தத் தொழிலாளர் என்றால் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர், ஆலைகளில் நிரந்தரம் ஆகாதவர்கள். அவர்களை யாரும் இன்னொருவருக்கு விற்க முடியாது, ஆனால் இவர்களை விற்றார்கள், மிச்சம் இருக்கும் ஆண்டுகளுக்கு விலை பேசி விற்றார்கள். மேரி மோரில் என்ற பெண் மாசசூசெட்ஸில் ஒரு பாதிரியார் வீட்டில் இப்படி வேலை செய்தார். பீட்டர் ஃபோல்ஜர் என்பவர் 20 பவுண்டு கட்டி அவரை விடுவித்து 1644-இல் கல்யாணம் செய்துகொண்டார். இவர்களுடைய மகள் வயிற்றுப் பேரன்தான் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அந்த ஃபிராங்க்ளினும் 12 வயதில் தன் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் 21 வயது வரை வேலை பழக எழுதிக் கொடுத்தவர்தான், 1723-இல் அதை மீறிப் பிலடெல்ஃபியாவுக்கு ஓடினார். (அவர் தொழில் பழகப் போனவர், பயணக் கடனுக்காகப் போனவர் இல்லை. ஆனால் இரண்டு வகைக்கும் எழுதிக் கொடுத்த தாளின் பெயர் ஒன்றுதான், இன்டெஞ்சர், அதனால் நம் சொல்லும் இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.)

ஒப்பந்தக் கூலி என்ற சொல் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஏறித் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கியவர்களையும் அவர்களுக்குப் பின்னால் போனவர்களையும் அந்தச் சொல்லால்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவர்களுக்குக் குறைவோ நிறைவோ மாதச் சம்பளம் என்று ஒன்று எழுதியிருந்தது. வர்ஜீனியாவுக்குப் போனவர்களுக்குக் கப்பல் கட்டணம், சோறு, துணி, படுக்க இடம், அவ்வளவுதான், கூலி என்று காசு கிடையாது. கூலியே இல்லாதவரைக் கூலி என்று எப்படிச் சொல்வது? அதோடு தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல்லை வசையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், தேவையில்லாத இடத்தில் அதை இழுக்க எனக்கு மனமில்லை. சஞ்சிக்கூலியும் இதே காரணத்தால் சரிவராது. மலாய் மொழியின் ஜஞ்சி, அதாவது வாக்குறுதி, நம்மவர் வாயில் சஞ்சி ஆன அந்தச் சொல் மலேசியத் தோட்டங்களுக்கே உரியது, அது அங்கேயே இருக்கட்டும்.

ஆளோலை, அதாவது ஒருவரை அடிமை என்று எழுதிய ஓலை, அதுதான் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது. சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலுக்குக் கிழவர் வருகிறார், நீ எனக்கு அடிமை என்கிறார், சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார், கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பு ஆகிறது. ஒரு தாள், அதன் இரட்டை, ஒப்பிட்டு உண்மை காண்பது, எல்லாமே இன்டெஞ்சருக்கு அருகில் வருகிறது. ஆனால் அந்த ஓலையில் என்ன எழுதியிருக்கிறது? தானும் தன் மரபில் வருபவர்களும் வழித்தொண்டு செய்வோம் என்று. அது தலைமுறைக் கணக்கு. வர்ஜீனியாவில் தலைமுறைக் கணக்கு பின்னால்தான் வந்தது: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று 1662-இல் சட்டம் போட்டார்கள். ஆளோலை என்ற சொல்லை அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும், அதற்கு முந்திய தாளுக்குப் பொருந்தாது.

சரி, அந்தத் தாளையே பார்ப்போம். இன்டெஞ்சர் என்ற பெயரின் வேரில் பல் இருக்கிறது, லத்தீனில் பல்லுக்கான சொல். ஒரே தாளில் ஒரே வாசகத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் ரம்பப் பல் மாதிரி வளைத்து வளைத்து வெட்டி, ஆளுக்கு ஒரு பாதி எடுத்துக்கொள்வார்கள். நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள், பல்லோடு பல் பொருந்தினால் தாள் உண்மை. பின்னால் அச்சடித்த படிவங்கள் வந்துவிட்டன, பெயரையும் ஆண்டையும் நிரப்பினால் போதும் என்று ஆயிற்று, பெயர் மட்டும் பழையபடி பல்லோடு ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு "முறி" நினைவுக்கு வந்தது. முறி என்றால் முறித்து எடுத்த துண்டு. முறி என்றால் எழுதிக் கொடுத்த பத்திரமும்தான், பழைய அகராதிகளில் அந்தப் பொருள் இருக்கிறது, இலங்கை நண்பர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், திறைசேரி முறி, பிணைமுறி என்று செய்தித்தாளில் தினமும் வரும் சொல். வெட்டிய துண்டு, கடமைப் பத்திரம் என்ற இரண்டு பொருளும் ஒரே தமிழ்ச்சொல்லில், ஆங்கிலத்தில் இருக்கிற அதே சேர்க்கையில், நமக்கு ஏற்கெனவே இருக்கிறது! அதனால் இன்டெஞ்சருக்குப் "பணிமுறி", அதில் கட்டுப்பட்டவர் "பணிமுறியாள்".

இதற்கு வரக்கூடிய இரண்டு மறுப்புகளை நானே எழுதிவிடுகிறேன்.

முதலாவது, தமிழ்நாட்டில் முறி என்றால் உடைப்பது என்ற நினைப்புதான் முன்னால் வரும், "பணியை முறித்தவர்" என்று யாராவது படித்துவிட்டால்? முதல் தடவை வரும்போது ஒரே வரியில் விளக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். பணிமுறி என்ற தாள் முதலில் வந்து, பணிமுறியாள் என்ற மனிதர் பின்னால் வந்தால் குழப்பம் வராது.

இரண்டாவது, ஆள் என்று முடிவது மரியாதைக் குறைவு, பணிமுறியாளர் என்று போடலாமே என்பது. செயலாளர், பொருளாளர் என்று நாம் சொல்லும்போது அந்தப் பொறுப்பு அவர் கையில் இருக்கிறது. பணிமுறியாளர் என்றால் தாளைக் கையில் வைத்து வேலை வாங்குகிறவர், அதாவது எஜமான், என்று என் காதில் விழுகிறது. வேலையாள், பண்ணையாள், படியாள் என்ற வரிசையில் ஆள் என்பது இன்னொருவர் ஏவலுக்குக் கீழே இருப்பவர். அவர்கள் நிலை அதுதான். மரியாதையை "வந்தார், போனார்" என்ற வினையில் காட்டிக்கொள்ளலாம்.

சொல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்று பார்க்க இன்னும் சில பேரின் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தேன். ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற இளைஞர் 1623-இல் வர்ஜீனியாவிலிருந்து அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து பட்டாணியும் தண்ணீர்க் கஞ்சியும்தான், மான் இறைச்சியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, மேலங்கியைக் கூட இருந்தவனே திருடிவிட்டான், கை கால் போனாலும் சரி இங்கிலாந்தில் வீடு வீடாகப் பிச்சை எடுத்தாலே போதும் என்று இங்கே ஆட்கள் இரவும் பகலும் அழுகிறார்கள் என்று எழுதுகிறார். என்னை மீட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார், அடகு வைத்த நகையை மீட்பது போல. அடுத்த ஆண்டு எடுத்த கணக்கில் இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அப்புறம் ஜான் கேசர். 1655-இல் வர்ஜீனியா நீதிமன்றத்தில் அவர் சொன்னது, ஏழெட்டு ஆண்டுக்குத்தான் பணிமுறியில் வந்தேன், காலம் முடிந்தும் விடவில்லை என்பது. எஜமான் சொன்னது, அப்படி ஒரு முறியை நான் பார்த்ததே இல்லை, இவன் ஆயுளுக்கும் என்னுடையவன். தீர்ப்பு எஜமான் பக்கம். அந்த எஜமான் ஆண்டனி ஜான்சனும் ஒரு கறுப்பர், 1621-இல் வெறும் அன்டோனியோவாக வந்து இறங்கி, உழைத்து விடுதலையாகி, 250 ஏக்கர் நிலம் வரை சேர்த்தவர். காட்ட ஒரு தாள் இல்லாததால் ஒரு மனிதரின் ஆயுளே போயிற்று. இந்த வழக்கை ஒப்பந்தத் தொழிலாளர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், தாள் எங்கே என்ற கேள்வியே எழாது.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. தாளே இல்லாமல் வந்து இறங்கிய வெள்ளைக்காரப் பிள்ளைகளும் நிறையப் பேர். அவர்களுக்கு 1643-இல் வர்ஜீனியா ஒரு கணக்கு வைத்தது: 20 வயதுக்கு மேல் என்றால் நான்கு ஆண்டு, 12 முதல் 20 வரை ஐந்து, 12-க்குக் கீழே ஏழு. இதை ஊர் வழக்கம் என்றே சொன்னார்கள். இவர்களைப் பணிமுறியாள் என்பது சரியாகாது, "வழக்கப் பணியாள்" என்று தனியாக வைக்கலாம் என்பது என் எண்ணம். (லண்டன் தெருக்களில் இப்படிப் பிள்ளைகளை ஏமாற்றிக் கப்பலேற்றியவர்களை அங்கே "ஸ்பிரிட்" என்றார்கள். அதற்குப் புதுச்சொல் வேண்டாம், பிள்ளைபிடிகாரன் என்று நம் பாட்டிகள் சொன்னதே போதும்.)

இதோடு ஒட்டி வரும் வேறு சொற்களையும் வைக்கிறேன். ஒருவரின் கப்பல் கட்டணத்தைக் கட்டியவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் கிடைத்ததே, அந்த ஹெட்ரைட்டுக்குத் "தலைக்காணி". தலை ஒருவருடையது, காணி இன்னொருவருக்கு. 1630-களில் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் இப்படி நிலம் வாங்கக் காட்டிய தலைப்பட்டியலில் "டோனி, ஈஸ்ட் இண்டியன்" என்று நம் பக்கத்து மனிதர் ஒருவர்கூட இருக்கிறார். காலம் முடிந்து போகும்போது கொடுத்ததற்கு "விடுகைப்படி". 1705 வர்ஜீனியா சட்டப்படி ஆணுக்குப் பத்து புஷல் மக்காச்சோளம், 30 ஷில்லிங், ஒரு துப்பாக்கி. பெண்ணுக்குப் பதினைந்து புஷல் மக்காச்சோளமும் 40 ஷில்லிங்கும். தானியம் அளப்பதும் படி, பயணப்படி என்பதும் படி, இரண்டும் இங்கே சேருகிறது. கட்டணம் கட்டாமலே வந்து, பிலடெல்ஃபியா துறைமுகத்தில் கப்பலிலேயே விலை பேசப்பட்ட ஜெர்மானியர்களுக்கு "மீட்புப் பயணி" என்று வைத்திருக்கிறேன், இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை, இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

ஜான் பன்ச் வாக்கியத்தை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: "மூவருமே ஓடிப்போனவர்கள், விக்டரும் கிரெகரியும் பணிமுறிக் காலத்தோடு நான்கு ஆண்டு கூடச் சுமந்துகொண்டு பணிமுறியாட்களாகவே திரும்பினார்கள், ஜான் பன்ச்சுக்கு மட்டும் முடிவுத் தேதி என்ற ஒன்றே இல்லாமல் போனது." சத்தமாக வாசித்துப் பார்த்து, எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள்.